மிஸ் வந்தால் கதவைத் திற

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ பதுளையிலிருந்து போன் எடுத்தபோது நான் சரியாகப் பேசவில்லை என்று மருமகள் தர்ஷினி கவலைப்பட்டாளாம். அவளிடம் சொல், எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பயம். உங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது என்று நீ சொன்னதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஸ்லந்தப் பக்கத்துப் பிள்ளை, ஐந்து வயது, பார்த்துக்கொள்ள சொந்தத்தில் ஆளில்லை, கோர்ட்டு உத்தரவு கிடைத்ததும் கூட்டிக்கொண்டு வருவோம் என்றாய். அதற்குப் பிறகு சொன்னாய்: "அந்த புரொபேஷன் மிஸ் ரொம்பத்தாம்மா பண்றாங்க. பிள்ளைய எங்க தூங்க வைப்பீங்க, வீட்டுக்கு யாரு யாரு வருவாங்க, கோவம் வந்தா என்னா செய்வீங்கன்னு கேக்குறாங்க. பக்கத்து வீட்லயும் போயி விசாரிச்சிருக்காங்க. பிள்ளை வந்த பொறகு சொல்லாம கொள்ளாம வந்து பாப்பாங்களாம். நான் சொல்லிட்டேன், வர்றதுன்னா போன் எடுத்துட்டு வாங்க, பிள்ளைகிட்ட பேசுறதுன்னா எங்களுக்கு முன்னால பேசுங்கன்னு." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

போனில் சொல்ல வராததை எழுதுகிறேன். தர்ஷினியும் படிக்கட்டும். உங்களைப் போல அடுத்தவர் பிள்ளையைப் பொறுப்பெடுக்க நினைக்கிற யார் கையில் இது கிடைத்தாலும் படிக்கட்டும். ஆனால் நடுவில் ஒரு விஷயம் வரும். அது நிரோஷாவைப் பற்றியது, உன்னைப் பற்றியதும்கூட. அது உனக்கு இன்றுவரை தெரியாது.

நிரோஷா ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு எட்டு வயது, உனக்குப் பதின்மூன்று. மெலிந்த பிள்ளையாக வந்தாள் என்பதும், உன் கட்டிலை அவளுக்குக் கொடுத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன் வந்தாள் என்பதை அரைகுறையாகத்தான் உனக்குச் சொல்லியிருந்தோம். அவளுடைய அப்பா இறந்த பிறகு, அம்மா அவளை மடுல்சீமையில் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்தச் சித்தியின் புருஷன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, விறகு பொறுக்கவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தான். அடித்தான். ஒரு நாள் அவள் யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறிவிட்டாள். பதுளை பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டு நின்ற பிள்ளையைப் பொலிஸ் கண்டெடுத்தது, பிறகு கோர்ட்டுக்குப் போனது. அவளைப் பிள்ளைகள் இல்லத்தில் போடாமல் ஒரு குடும்பத்தில் வைக்க முடியுமா என்று பார்த்தார்கள். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் கோர்ட்டுக்காகப் பிள்ளைகளை விசாரிக்கிற புரொபேஷன் அலுவலர் சாந்தனி மிஸ் நம் வாசலுக்கு வந்தார்.

வெலிமடைப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழை இந்த வேலைக்காகவே படித்தவர். உன்னிடம் இப்போது கேட்ட அதே கேள்விகளை என்னிடமும் கேட்டார். யார் எங்கே தூங்குவது, உன் அப்பா குடித்தால் எப்படி இருப்பார், கோபம் வந்தால் நான் என்ன செய்வேன். "கத்துவேன் மிஸ்," என்றேன். "கத்தினா பொறகு?" என்றார். "பொறகு அழுவேன்." அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். அடுத்ததாக உன்னைத் தனியாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். நீ என்ன சொல்லித் தொலைப்பாயோ என்று நான் அடுப்படியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவுக்கு ஆரம்பத்தில் கொஞ்சமும் இஷ்டம் இல்லை. "கோர்ட்டு, பொலிசு... நமக்கு எதுக்கு புள்ள இந்த வேலை? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விழும்," என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அப்படியிருந்தும் பிள்ளையைக் கண்டதும் அவர்தான் முதலில் உருகிப் போனார்.

உன்னை வளர்த்தபோது நான் இவ்வளவு பயந்ததில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். அவள் இரண்டு தரம் இருமினால் வேலைக்கே போக மாட்டேன். மழை விடாமல் பெய்தால் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் போய்ப் போய்ப் பார்ப்பேன். பள்ளிக்கூடம் விட்டு அவள் வரக் கொஞ்சம் தாமதமானால் ரோட்டு முடக்கு வரை ஓடுவேன். நம் பிள்ளைக்கு ஒன்று ஆனால் ஊரே சேர்ந்து அழும். அடுத்தவள் நம்மிடம் கொடுத்த பிள்ளைக்கு ஒன்று ஆனால் ஊரே சேர்ந்து நம்மைக் கேட்கும். எல்லாவற்றையும்விட, மிஸ் வருகிற நாள்தான் எனக்குப் பெரிய பயம். எப்போது வருவார் என்று தெரியாது. சில நேரம் சொல்லிவிட்டு வருவார், சில நேரம் திடீரென்று வாசலில் நிற்பார். பிள்ளையின் படுக்கையைப் பார்ப்பார், பள்ளிக்கூடக் கொப்பிகளைப் புரட்டுவார், பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். நான் அடுப்படி ஜன்னலில் காதை வைத்துக் கேட்பேன், ஒன்றும் கேட்காது. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த செல்வியக்கா, "என்னாடி, பொலிசு மாதிரி வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க?" என்பாள். நான் கூனிக் குறுகிப் போவேன்.

ஆனால் அந்த மிஸ் எங்களைச் சோதித்ததோடு நிற்கவில்லை. நிரோஷா வந்த புதிதில் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். எறும்பு மொய்க்கும். படுக்கையை நனைப்பாள். நான் தினமும் துவைத்துத் துவைத்து அலுத்துப் போனேன், அந்தக் குளிரில் துணி காயவும் காயாது. மிஸ்ஸிடம் சொன்னால் பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்து மறைத்தேன். அவரே ஒரு நாள் கேட்டார். "அம்மா, இவ சாப்பாடு ஒளிக்கிறதா?" அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அது எடுக்க வேண்டாம். ஒரு டப்பா குடுங்க. அது அவளோட டப்பா. எப்பவும் அதில பிஸ்கட் இருக்கணும். பாருங்க, கொஞ்ச நாள்ல நிறுத்துவா," என்றார். அப்படியே நிறுத்தினாள். படுக்கை நனைப்பதற்கு ஆஸ்பத்திரியில் காட்ட ஏற்பாடு செய்தார். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூட அதிபர் சேர்க்க மாட்டேன் என்றபோது அரசாங்கக் கச்சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவரே நடந்தார். ஒரு தரம் போகிற நேரத்தில் வாசலில் நின்று, "நீங்க எப்படி அம்மா? தூக்கம் வருதா?" என்று கேட்டார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நிரோஷாவுக்கும் அவர் மேல் ஒட்டுதல் வந்துவிட்டது. அதற்குக் காரணம் அவருடைய தமிழ். மழையை 'மலை' என்பார். "மலை வருது, உள்ள போவோம்," என்று அவர் சொன்னால் இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "மிஸ், மலை வராது! மழை!" என்று பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி திருத்துவாள். அவரும் நாக்கை மடித்துச் சொல்லிப் பார்த்துத் தோற்றுப் போவார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கும் அது மறந்திருக்காது, ஏனென்றால் அன்று நீ வாசலில் நின்று கத்தினாய். நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். செல்வியக்கா ஓடிவந்து, "ஒங்க வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க, வா," என்றாள். போய்ப் பார்த்தால் சாந்தனி மிஸ்ஸோடு இன்னொரு அலுவலரும் திரீவீலரில் வந்திருந்தார். யாரோ போனில் முறைப்பாடு செய்திருக்கிறார்கள், நிரோஷாவின் கையில் அடிபட்ட காயம் இருக்கிறது என்று. மிஸ் அவளுடைய ஸ்வெட்டர் கையை மெதுவாக மேலே தூக்கினார். மேல் கையில் நீலமாக, விரல் விரலாகப் பதிந்திருந்தது. ஒரு பெரிய ஆளின் கை.

"இது எப்படி அம்மா?"

"தெரியாது மிஸ்."

"நீங்க பாக்கல்லையா?"

"பாக்கல மிஸ். இப்ப அவளேதான் குளிச்சுக்கிறா. குளிருக்கு ஸ்வெட்டர கழட்டவே மாட்டேங்கிறா."

என் வாயிலிருந்து வந்தது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. நிரோஷா தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அலுவலர் உன் அப்பாவை எங்கே என்று கேட்டார். அப்போதுதான் நீ வந்து, "எங்கம்மா ஒண்ணும் செய்யல! நீங்க வெளிய போங்க!" என்று கத்தினாய். மிஸ் உன்னைப் பார்த்து, "தம்பி, நான் கேக்கத்தான் வேணும். இன்னிக்கு கேக்காம போனா, நாளைக்கு யாரும் என்னைய நம்பக் கூடாது," என்றார். பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினார். "நீங்களும் வாங்க அம்மா. ஆனா உள்ள வர ஏலாது," என்றார்.

பதுளை வரைக்கும் அந்த வளைவு ரோட்டில் எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. என் வேலை போய்விடும், பொலிஸில் நிற்க வேண்டி வரும், தோட்டம் முழுக்கக் காறித் துப்பும் என்றெல்லாம் நினைத்தேன். அதைவிட, இவளை இங்கிருந்து தூக்கினால் அடுத்ததாக எங்கே கொண்டு போய்ப் போடுவார்களோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இன்னொரு நினைப்பு வந்தது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரமாகத் தயங்குகிறேன். அந்த விரல் தடம் என்னுடையது இல்லை. அப்படியானால் என் வீட்டில் வேறு யாருடையது? உன் அப்பாவின் கையை நினைத்துப் பார்த்தேன். உன் கையையும் நினைத்துப் பார்த்தேன், மகன். பதின்மூன்று வயதில் உனக்கு எவ்வளவு பெரிய கை இருந்தது என்று மனதுக்குள் அளந்து பார்த்தேன். இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அடுத்தவர் பிள்ளையைப் பொறுப்பெடுத்தவளுக்கு அந்த நினைப்பு வரத்தான் வேண்டும்.  அந்தப் பெஞ்சில் இருந்த நேரம் மாதிரி ஒரு நேரம் என் பகைவருக்கும் வேண்டாம்.

கதவு திறந்தது. சாந்தனி மிஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, நீங்க இல்ல. உங்க வீட்டில யாரும் இல்ல," என்றார். 

உள்ளே டாக்டர் கேட்டும் அவள் பேசவில்லையாம். மிஸ் வேறொன்றும் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி, "பெரிய மலை வருது," என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து, "மழை, மிஸ்," என்று மெல்லிய சத்தம் வந்ததாம். அதோடு அவள் அழுது எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். மடுல்சீமையிலிருந்து அந்தச் சித்தி புருஷன் வந்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ரோட்டு முடக்கில் காத்திருந்தானாம். ஒரு தரமில்லை, பல தரம். கொழும்பில் ஒரு வீட்டில் வேலை பார்த்து வைத்திருக்கிறேன், என்னோடு வா என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் திமிறி ஓடியிருக்கிறாள்.

"ஏன் மிஸ் எங்கிட்ட சொல்லல?" என்றேன். என்னால் தாங்க முடியவில்லை. "நான் என்னா கொறை வச்சேன் அவளுக்கு?"

"கொறை இல்ல அம்மா. அவன் சொன்னதாம், வீட்டில சொன்னா அந்த அண்ணன ஆத்தில தள்ளுவேன்னு. தம்பி எங்க பஸ் ஏறுறது, எந்தப் பாலத்தால நடக்கிறது, எல்லாம் சொல்லியிருக்கான். உங்கட்ட சொன்னா மகனுக்கு ஆபத்துன்னு பயந்து பேசல்ல."

இதுதான் உனக்குத் தெரியாத விஷயம். எட்டு வயதுப் பிள்ளை உனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தது. நம் வீட்டுக்குள் யாரிடமும் அவளால் சொல்ல முடியாது. நான் மடியில் வைத்துக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள், ஏனென்றால் நான் உன் அம்மா. நம் வீட்டுக்கு வெளியே ஒரு ஆள், அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிற ஆள், அவர் ஒருவரிடம்தான் அவளால் சொல்ல முடிந்தது. அந்த ஆள் வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டு வந்து, எங்களுக்கு முன்னால் மட்டும் பேசிவிட்டுப் போகிறவராக இருந்திருந்தால் அவள் எங்கே போயிருப்பாள் என்று நினைத்துப் பார். உன் போன் வந்ததிலிருந்து நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மிஸ்தான் சொன்னார். அந்தப் பாரம் உன் மேல் ஏறினால் நீ அந்தப் பிள்ளையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும் என்றார். உன் அப்பாவிடம் மட்டும் சொன்னோம். அவர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மடுல்சீமைக்குக் கிளம்பினார். அவரைப் பிடித்து நிறுத்த நானும் செல்வியக்காவும் பட்ட பாடு கொஞ்சமில்லை. மிஸ் பொலிஸில் முறைப்பாடு போட வைத்தார், கோர்ட்டில் சொல்லி அவன் பிள்ளையை நெருங்கக் கூடாது என்று தடை வாங்கினார், பள்ளிக்கூட அதிபரோடு பேசி, உன் அப்பா வராமல் அவளை வாசலை விட்டு அனுப்பக் கூடாது என்று ஏற்பாடு செய்தார். அப்பா திடீரென்று ஏன் உன்னையும் தினமும் பாலம் வரை கூட்டிக்கொண்டு வந்தார் என்று இப்போது உனக்கு விளங்கும். நீ வெட்கப்பட்டுச் சண்டை போட்டாய். அவனை வழக்கில் பிடித்து உள்ளே வைத்து, பிறகு வெளியே விட்டார்கள். ஒரு முறை பசறை பஸாரில் அவனைத் தூரத்தில் கண்டேன். சாமான் பையைப் போட்டுவிட்டு அப்படியே ஒரு கடைக்குள் புகுந்து மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். நான் பஸ் ஏறும் வரைக்கும் அவர் லைனிலேயே இருந்தார். அவன் அதற்குப் பிறகு நம் பக்கம் வரவில்லை. ஆனாலும் அந்தப் பயம் இன்றுவரைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த முறைப்பாட்டைச் செய்தது யார் என்று மிஸ் கடைசிவரை சொல்லவில்லை. ஆரம்பத்தில் அவர்களைச் சபித்தேன். இப்போது யாராக இருந்தாலும் அவர்கள் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும் என்று கும்பிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் அம்மா குவைத்திலிருந்து திரும்பி ஹாலிஎலையில் வீடு எடுத்ததும், நிரோஷாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது உனக்குத் தெரியும். அவளை அனுப்புகிற பயம் அவளை எடுத்த பயத்தைவிடப் பெரியது. மிஸ் அதையும் ஒரே நாளில் செய்யவில்லை. முதலில் அம்மாவை இங்கே வரவைத்தார், பிறகு அவளை அங்கே ஒரு பகல் அனுப்பினார், பிறகு விடுமுறைக்கு. அவள் போன பிறகு ஒரு நாள் மறுபடியும் வாசலில் நின்றார். "அவ போய்ட்டா மிஸ். இனி இங்க உங்களுக்கு என்னா வேலை?" என்று கேட்டேன், கொஞ்சம் கசப்பாகத்தான். "உங்கள பாக்க வந்தேன் அம்மா," என்றார். உள்ளே வந்து என்னோடு தேத்தண்ணி குடித்தார். நான் அழுது முடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போனார். நிரோஷா இப்போது பெரிய ஆள். தீபாவளிக்குப் போன் எடுக்கும்போது முதலில், "அண்ணன் நல்லா இருக்கா பெரியம்மா?" என்றுதான் கேட்பாள். ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று இனி உனக்குத் தெரியும்.

அதனால் அந்த மிஸ்ஸிடம் போய்ப் பேசு. நேரில் போ. சொல்லாமல் வாருங்கள், பிள்ளையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள் என்று நீயே சொல். அவர் உன்னைச் சந்தேகப்படுகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டால் உனக்குச் சுருக்கென்று இருக்கும், தர்ஷினிக்கு அழுகை வரும். வரட்டும். உங்களுக்கு முடியாமல் போகிற நாளில், கத்திவிடுவோமோ கை நீட்டிவிடுவோமோ என்று பயம் வருகிற நாளில், நல்ல பேர் போய்விடும் என்று மறைக்காமல் முதல் போனை அவருக்கே எடு. உன் அப்பாவைப் போலக் கத்தியைத் தேடாதே.

இன்னும் ஒன்றுதான். உன் வீட்டுக்கு வருகிற பிள்ளை உன்னிடம் ஒன்று கேட்கும். மிஸ்ஸிடம் கேட்காது, உன்னிடம்தான் கேட்கும். நிரோஷா வந்த மறுநாளே, காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டாள். "பெரியம்மா, நான் இங்க எத்தன நாளைக்கு இருப்பேன்?" எப்போதும் என் கூடத்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது என் கையில் இல்லை. உன் கையிலும் இருக்காது. பொய் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு நானும் இன்னொரு பொய்யான ஆளாகிவிடுவேன் என்று பயந்து, "எனக்குத் தெரியாது சாமி. நாளைக்கு காலையில நான்தான் ஒனக்கு தல வாரி விடுவேன். அது தெரியும்," என்றேன். அவள், "அப்ப நாளன்னைக்கு?" என்றாள். "அத நாளைக்கு கேளு," என்றேன். மறுநாள் கேட்டாள். சொன்னேன். அதற்கு மறுநாளும் கேட்டாள். சொன்னேன். ஒரு நாள் கேட்க மறந்து, தலையை என் பக்கம் சாய்த்துக் கொடுத்துவிட்டுப் பாடப் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு நான் பின்னல் போட்டு முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டேன்.

உன்
அம்மா